கேசட் வராத அட்டைப்படம்

பேய், ஆவி, ஏவல் இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் முன்னைப் போல அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. கொடைக்கானலில் பேய்க்கதை என்பது ஒரு பிழைப்பு. பைன் காட்டில் வெள்ளைக்காரி நிற்கிறாள், அந்த வளைவில் குழந்தை அழுகிறது என்று டூரிஸ்டுகளிடம் சொல்கிற டாக்சிக்காரர்கள், அதையெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து அவர்களே ஜோடிப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன், போன சீசனில் தலையில்லாமல் நின்றவளுக்கு இந்த சீசனில் தலை முளைத்திருக்கும். ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வரும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் ரோஸி. நானும் என் வீட்டுக்காரர் செல்வராஜும் ஏழுரோட்டுப் பக்கம் வீடியோ கேம் கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தோம். டிவியில் ஒரு பெட்டியை மாட்டி, அதன் தலையில் செருகி விளையாடுவார்களே, அந்தக் கேசட். மதுரையிலிருந்து மொத்தமாக வரும். வந்து இறங்கும்போது அம்மணமாகத்தான் இருக்கும், மேலே படம் கிடையாது, ஒட்டின சீட்டில் பெயர் மட்டும், அதுவும் பாதிக்கு மேல் தப்பு. படம் இல்லாத கேசட்டை எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. அவர் அதற்கு முன்னால் காட்டேஜ்களுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவர், ஆகையால் அவரே சார்ட் பேப்பரில் போஸ்டர் கலரால் படம் வரைந்து, மேலே டேப் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா செய்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் ஒரு விளையாட்டைக்கூட விளையாடிப் பார்த்தது கிடையாது. பெயரைப் பார்ப்பார், கண்ணை மூடுவார், வரைவார். கார் ரேஸ் என்றால் வத்தலக்குண்டு ரோட்டுக் கொண்டை ஊசி வளைவும், முட்டைக்கோஸ் லாரிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் காரும். விமானச் சண்டை என்றால் நம் ஏரி, அதற்கு மேலே மேகம், மேகத்துக்குள் ஒரே ஒரு விமானம் வழி தெரியாமல் பறக்கும். குங்ஃபூ சண்டைக்காரர்கள் பள்ளங்கி கிராமத்துப் பூண்டுத் தோட்டத்து வரப்பில் நிற்பார்கள். பிள்ளைகள் வந்து சண்டை பிடிக்கும், “அங்கிள், உள்ள மலையே இல்ல, வெறும் கோடுதான் இருக்கு” என்று. இவர் அசர மாட்டார். “உள்ள இருக்கிறது அவன் பண்ணினது, வெளிய இருக்கிறது நான் பண்ணினது. ரெண்டையும் சேத்துப் பாருடா” என்பார்.

மிஷன் ஸ்கூலில் படித்த வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஒரிஜினல் டப்பாக்கள் இருக்கும், அதைக் கெஞ்சி இரவல் வாங்கி வந்து கல்லாவில் வைத்துக்கொண்டு பார்ப்பார் பாருங்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் காதில் விழாது. நானும் பார்ப்பேன். எரிமலை, கடல், வாளோடு ஒருவன், வானத்தில் மூன்று நிலா, ஒவ்வொரு மேகத்துக்கும் ஓரத்தில் வெளிச்சம். கேசட்டைப் போட்டால் நாலு கட்டமும் ஒரு புள்ளியும் ஓடும். எனக்கு அது பச்சை ஏமாற்றாகத்தான் தெரிந்தது. அவர் சொன்னார், “இத வரைஞ்சவனுக்குத் தெரியும் ரோஸி, உள்ள ஒண்ணுமே இல்லேன்னு. அதனாலதான் இம்புட்டு வரைஞ்சிருக்கான்.”

அவருக்கு ஒரு குறை உண்டு, முகம் வரைய வராது. மூக்கு எப்போதும் கத்தரிக்காயாகிவிடும். அதனால் அவர் படங்களில் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள், கார் ஓட்டுபவன், குங்ஃபூக்காரன், ராஜகுமாரி, எல்லாரும். என்னை ஒரு படம் வரையுங்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டிருக்கிறேன், சிரித்து மழுப்பிவிடுவார். கடையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது, வாடகைக்குக் கேசட் மட்டும்தான் போகும், டப்பா அலமாரியை விட்டு இறங்காது. பிள்ளைகள் கையில் போனால் படம் நாசமாகிவிடும் என்று பேப்பரில் சுற்றித்தான் கேசட்டைக் கொடுப்பார்.

அப்புறம் என்ன, எல்லார் கையிலும் போன் வந்தது, கடையை மூடினோம். அவர் மறுபடி போர்டு எழுதப் போனார். அட்டுவம்பட்டியில் சின்னதாக வீடு கட்டினோம், மகள் ஷீபா கல்யாணமாகி கோயம்புத்தூர் போனாள். டப்பாக்களை மட்டும் அவர் விடவில்லை, ஹாலில் அலமாரி அடித்து வரிசையாக வைத்தார். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

தனியாக இருப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. இங்கே மதியம் மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கிவிடும், எதிர்வீடு காணாமல் போகும், சாலையில் போகிற வண்டியின் சத்தம் வரும், வண்டி வராது. நான் குக்கரோடு பேச ஆரம்பித்திருந்தேன். சாயங்காலமானால் ஹாலில் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன், எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்து நிற்பார்கள். ஒருநாள் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் படிக்குக் கைப்பிடிக் கம்பி வைத்தேன், வீட்டில் மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டை நானே இடது கையால் அடித்தேன். முடி இடுப்பு வரை இருந்தது, ஒரு கையால் பின்ன முடியவில்லை, பின்னிவிட ஆளில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பார்லருக்குப் போய் கழுத்தோடு வெட்டிவிடு என்றேன். அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தாள். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

ஷீபா பிடித்துக்கொண்டாள். “ம்மா, அங்க தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீங்க? வீட்ட வித்துட்டு வெரசா இங்க வந்துருங்க” என்று தினமும் போன். வாங்குவதற்கு ஆளும் பார்த்துவிட்டாள், ஏதோ ஹோம்ஸ்டே நடத்துகிறவர், இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப் போகிறாராம். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே இருந்தால் தனிமை கொல்கிறது, போனால் அவர் கட்டின சுவர் இருக்காது. அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்து.

அதற்கு முந்தின நாள் மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஆள், தோளில் பை, கையில் ஹெல்மெட்.

“ஆன்ட்டி, என்னையத் தெரியலையா? பிரபு. ஹாஸ்டல் பிரபு.”

“எங்க கடைக்கு எத்தனையோ பிரபு வந்தான்யா. நீ எந்தப் பிரபு?”

“வெளையாடாமப் படத்த மட்டும் பாத்துக்கிட்டே நிப்பேன்ல, அந்தப் பிரபு.”

அவனை எப்படி மறக்க முடியும்? வத்தலக்குண்டுப் பையன், ஹாஸ்டலில் தங்கிப் படித்தான், கேசட் எடுக்க மாட்டான், விடுமுறை நாளில் வந்து அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருப்பான். இவர் அவனை ஒருநாளும் விரட்டியதில்லை. இப்போது மேலே ஏதோ சோலியாக வந்தவன், பழைய கடையை விசாரித்து, அங்கிள் இறந்த செய்தியே அங்கேதான் தெரிந்து, விலாசம் கேட்டு வந்திருக்கிறான். உள்ளே வந்ததும் அலமாரியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். அந்தக் கார் ரேஸ் டப்பாவை எடுத்துத் தடவினான்.

“ஹாஸ்டல்ல லைட்ட அணைச்சப்புறம் இந்த ரோட்டு வழியாத்தான் ஆன்ட்டி நான் வீட்டுக்குப் போவேன். கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொரு வளைவா எறங்குவேன். அங்கிளுக்குத் தெரியும், அவர்ட்ட மட்டும் சொல்லிருக்கேன்.”

என்னிடம் அவர் சொன்னதே இல்லை. டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன், அவனும் பேசிக்கொண்டே பின்னால் வந்தான். எங்கள் வீடு நேர்கோட்டு வீடு, முன்வாசலில் நின்றால் ஹால், அடுப்படி, பின்வாசல், அதற்கப்பால் பள்ளங்கிச் சரிவு வரை தெரியும். டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு, மிஸ்ட் ஏறுகிறதே, கொடியில் துணி கிடக்கிறதே என்று பின்வாசலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பின்னால் டம்ளர் கீழே விழுந்தது.

“ஆன்ட்டி, அப்பிடியே நில்லுங்க. திரும்பாதீங்க.”

“ஏன்யா, பூரான் ஏதும் ஏறிருச்சா?”

ஹாலுக்கு ஓடுகிற சத்தம், பை ஜிப்பைத் திறக்கிற சத்தம், திரும்பி ஓடி வருகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. எனக்கு முதுகு கூசியது. பொறுக்க முடியாமல் திரும்பினேன். அவன் கையில் ஒரு டப்பா, அதைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், முகம் வெளுத்துப்போயிருந்தது. வாங்கிப் பார்த்தேன்.

இதோ பாருங்கள், சத்தியம் செய்து சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம். அது எங்கள் வீட்டு அடுப்படி. சிவப்புத் தரை, திறந்த பின்வாசல், வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண், கழுத்தோடு வெட்டின முடி, ஒரு கை நீலக் கம்பியின் மேல். அவளுக்கு அந்தப் பக்கம் பேரிக்காய் மரம், கொடி, தூரத்தில் பள்ளங்கித் தோட்டங்களின் படிக்கட்டு. அவர் கைதான், மேகத்தின் ஓரத்தில் வெளிச்சம் வைத்திருக்கிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவேன். டேப் மஞ்சளாகிப் பொரிந்துபோயிருந்தது. பின்பக்கம் பேனாவால் பிரபு, பத்தாம் வகுப்பு என்று கோழிக்கிறுக்கல்.

“அங்கிள்தான் குடுத்தாரு ஆன்ட்டி. பரீட்ச முடிஞ்சு கெளம்புற அன்னைக்கு. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் டப்பா. என்ன கேம் அங்கிள்னு கேட்டேன். இதுக்கு இன்னும் கேசட் வரல பிரபு, நீ பத்திரமா வச்சுக்க, என்னைக்காவது கொண்டாந்து குடுன்னாரு. பரண்ல கெடந்துச்சு. இன்னைக்கு அவர்ட்டக் குடுப்போம்னுதான் எடுத்துட்டு வந்தேன்.”

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. மனசில் ஒரு வீடு இருந்திருக்கும், அதை முதலில் வரைந்துவிட்டுப் பின்னால் அப்படியே கட்டியிருப்பார், அதுதானே? என் மகளும் அதைத்தான் சொன்னாள். சரி, வீட்டை விடுங்கள். அவன் பத்தாவது படித்தபோது நாங்கள் கடைக்கு மேலே வாடகை ரூமில் இருந்தோம், எனக்கு இடுப்பு வரை பின்னல். கம்பி நான் வைத்தது, அவர் போன பிறகு. நீல நிறம் நான் அடித்தது. கம்பியின் அடியில் பெயின்ட் பத்தாமல் சாம்பல் நிறமாக விட்டிருக்கிறேன், படத்திலும் அந்த இடம் சாம்பல்தான். அதை யார் மனசில் வைத்து வரைந்திருக்க முடியும், சொல்லுங்கள்.

ஜன்னல் பக்கம் போய் இன்னும் கூர்ந்து பார்த்தேன். இரண்டு விஷயம் பொருந்தவில்லை. எனக்கு அப்போது முடி பாதிதான் நரைத்திருந்தது, படத்தில் இருப்பவளுக்கு முழுக்க வெள்ளை. அன்றைக்கு வெளியே மிஸ்ட், படத்தில் நல்ல சாயங்கால வெயில். முன்வாசல் வழியாக வந்து விழுகிற வெயில். அதனால் தரையில் நிழல் இருந்தது. அவள் நிழல் படியைத் தாண்டி வெளியே விழுந்திருந்தது. அவளுக்குப் பின்னால், படத்துக்கு இந்தப் பக்கம், படம் வரைகிறவன் நிற்கிற இடத்திலிருந்து இன்னொரு நிழல் சிவப்புத் தரையில் நீண்டு அவள் குதிகாலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த நிழலுக்கு இடது தோள் இறங்கியிருந்தது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததால் அவருக்கு இடது தோள் அப்படித்தான் இருக்கும், சட்டை தைக்கிற டெய்லர் எப்போதும் திட்டுவார். கடையில் அவர் முன்னால் கல்லாவில், நான் பின்னால் ஸ்டூலில், வருஷக்கணக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை இல்லை, அந்தத் தோளைத்தான். எனக்குத் தெரியாதா?

“ஆன்ட்டி, இது இன்னைக்கு இல்ல,” என்றான் பிரபு. “இனிமேத்தான்.”

அதற்கு மேல் அவன் உட்காரவில்லை. மிஸ்ட் ஜாஸ்தியாகுது, வெரசா எறங்கணும் என்றான். டப்பாவை நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “ஒங்க படம் ஆன்ட்டி, நீங்களே வச்சுக்கங்க.” வண்டி போன சத்தம் அடங்கிய பிறகு, சிந்தின டீயைத் துடைத்துவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தேன். பயமாக இருந்ததா என்றால் இருந்தது. அதைவிட, இத்தனை வருஷம் கேட்டும் வரையாத மனுஷன் என்னை வரைந்து யாரோ ஒரு பையன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. “என்கிட்டக் குடுத்தா என்னவாம்?” என்று சத்தம் போட்டே கேட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே ஷீபாவுக்குப் போன் செய்து வீட்டை விற்கவில்லை என்றேன். முடி முழுக்க நரைத்த பிறகும் நான் இந்த வாசலில் நிற்கிறேன், படத்தில் இருக்கிறது, அப்புறம் எப்படி விற்பது? படத்தை வீடியோவில் காட்டினேன். பார்த்துவிட்டு, “அப்பா எதையோ நெனச்சு வரைஞ்சிருப்பாரும்மா. ஒரு கேம் டப்பாவப் பாத்துக்கிட்டு வீட்ட விக்க மாட்டேங்கிறீங்களே, வெளிய சொன்னா சிரிப்பாங்க” என்று அழுதாள். கொஞ்ச நாள் பேசவும் இல்லை. இப்போது பேசுகிறாள், வீட்டைப் பற்றி எடுப்பதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தப் படம் வந்த பிறகும் இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் நடந்ததில்லை. காலடிச் சத்தம் இல்லை, பெயின்ட் வாசனை இல்லை, கனவில்கூட அவர் வந்ததில்லை. டாக்சிக்காரர்கள் சொல்கிற மாதிரி ஏதாவது ஒன்று, ஒரே ஒரு இருமல், கேட்காதா என்று எத்தனை நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? குக்கர் விசில்தான் கேட்கும். வீடு முன்னைப் போலவே காலியாகத்தான் இருக்கிறது.

பிரபு எப்போதாவது போன் செய்வான். பூண்டு விலை, மழை, பிள்ளைகள் படிப்பு என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கேட்பான், “ஆன்ட்டி, முடி இன்னும் கறுப்பு இருக்குல்ல?” என்று. போன வாரமும் கேட்டான். “அங்கங்க கெடக்குப்பா” என்றேன். பொய். இந்த வருஷப் பனி முடியும்போது கண்ணாடி முன்னால் நின்று பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூடக் கறுப்பு இல்லை.

மிஸ்ட் இல்லாத நாட்களில் சாயங்கால வெயில் முன்வாசலில் நுழைந்து, ஹாலைத் தாண்டி, அடுப்படித் தரைக்கு வரும். அது வருவதற்கு முன்னாலேயே நான் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டு லில்லி அக்கா கேட்டாள், “ஏன் ரோஸி, பட்டப்பகல்ல கதவப் பூட்டிக்கிட்டுக் கெடக்க, பயமா இருக்கா?” ஆமாம் என்றேன். எதற்குப் பயம் என்று அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். தரையில் இரண்டு நிழல் விழுந்துவிடுமே என்று இல்லை. கதவைத் திறந்து வைத்து, வெயிலும் உள்ளே வந்து, இந்த வெள்ளை முடியோடு நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, என் நிழல் மட்டும் விழுந்தால் நான் என்ன செய்வேன்? அடுப்படி இருட்டாகத்தான் இருக்கிறது, லைட்டைப் போட்டுக்கொண்டு சமைக்கிறேன்.